கைக்கு எட்டுவது எவ்வளவு? – தொழில் கேள்வி பதில்

வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கடன், மானியம், வரி பற்றியவை. இம்முறை வந்தவற்றில் மூன்று கடிதங்கள் அவற்றைத் தாண்டி, எழுதியவர்கள் தங்களைப் பற்றியே கேட்கும் கேள்விகளாக இருந்தன. மூன்றும் ஒரே பொருளைச் சுற்றி வருவதால் இந்த இதழில் வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் வெளியிட வேண்டாம் என்று மூவருமே கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆபரேட்டராகச் சேர்ந்து, புரோகிராம் போடக் கற்றுக்கொண்டு, கடைசி ஐந்து ஆண்டுகள் மெஷின் ஷாப் பொறுப்பாளராக இருந்தேன். என் கையில் வந்த ஜாப் ரிஜெக்‌ஷன் ஆவது அபூர்வம். ‘இவ்வளவு தெரிந்த நீ ஏன் இன்னொருவருக்கு உழைக்க வேண்டும்?’ என்று பலரும் கேட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலையை விட்டு, கிராஜுவிட்டியும் சேமிப்புமாக ஏழு லட்சம் போட்டு, வங்கியில் 25 லட்சம் தவணைக் கடனும் 5 லட்சம் ஓ.டி.யும் (ஓவர்டிராஃப்ட்) வாங்கி, கணபதி பகுதியில் வாடகை இடத்தில் ஒரு வி.எம்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் புரோகிராமில் உலோகத்தை வெட்டிக் கடைவது) போட்டேன். பதினான்கு மாதங்கள் ஆகின்றன. வேலை வருகிறது. தரத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் தவணை நாள் நெருங்கும்போது கையில் பணம் இருப்பதில்லை. ஓ.டி. முழுவதும் எடுத்தாகிவிட்டது. என் மனைவியின் நகையை வைத்து நாலரை லட்சம் வாங்கிவிட்டேன். வீட்டுச் செலவு அவருடைய பள்ளிச் சம்பளத்தில் நடக்கிறது. பார்ட்டிகளிடமிருந்து ஆறு லட்சம் வர வேண்டியிருக்கிறது. போன் செய்து கேட்க எனக்கு வாய் வருவதில்லை. ரேட் பேசும்போதும் அப்படித்தான், அவர்கள் குறைக்கச் சொன்னால் குறைத்துவிடுகிறேன். கணக்கு நோட்டைத் திறக்கவே அச்சமாக இருக்கிறது. வேலை தெரிந்த நான் தொழிலுக்குத் தகுதியில்லாதவனா? பழைய கம்பெனியில் கேட்டால் எடுத்துக்கொள்வார்கள். போய்விடட்டுமா?

பதில்: முதலில் உங்கள் அச்சத்துக்கு உரிய பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தகுதியில்லாதவர் என்பதற்கு உங்கள் கடிதத்தில் எந்தச் சான்றும் இல்லை. உங்களுக்கு வராத சில வேலைகள் உண்டு என்பதற்கு மட்டுமே சான்று இருக்கிறது. அந்த வேலைகள் கடந்த பதினாறு ஆண்டுகளாகவே உங்களுக்கு வராமல்தான் இருந்திருக்கின்றன. கம்பெனியில் ரேட் பேசியவர் மார்க்கெட்டிங் மேலாளர். அந்த ரேட் கட்டுப்படியாகுமா என்று பார்த்தவர் காஸ்டிங் பிரிவில் இருந்தவர். பணம் தராத பார்ட்டியை விடாமல் தொடர்ந்தவர் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தவர். இன்சர்ட் (மெஷினில் மாட்டும் வெட்டு அலகு) தீர்வதற்கு முன்பே வாங்கி வைத்தவர் ஸ்டோர்ஸ்காரர். ஆபரேட்டர் ஒருவர் திடீரென்று வராமல் போனால் மாற்று ஆளை அனுப்பியவர் வேறொருவர். உங்களால் எங்கெங்கே மேற்கொண்டு நகர முடியாதோ அங்கெல்லாம் இன்னொருவர் நின்று வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அதனால் உங்கள் எல்லை எங்கே இருக்கிறது என்று அறியும் தேவையே உங்களுக்கு ஏற்படவில்லை. மெஷின் ஷாப்பில் நீங்கள் பெற்ற நல்ல பெயர் உண்மையானது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு முழு நிறுவனத்தின் உழைப்பும் இருந்தது என்பதும் உண்மை. வேலையை விட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தொழில் தொடங்கி ஓராண்டு ஆன பிறகே இதை உணர்கிறார்கள். உணரும் நேரத்தில் கடனும் சேர்ந்துவிடுவதால், தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைத் தங்கள் மேல் விழுந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, நீங்கள் திறக்க அஞ்சும் கணக்குக்கு வருகிறேன். கடிதத்துடன் நீங்கள் இணைத்திருந்த தாளின்படி மாதச் செலவு இது: வங்கித் தவணை 54,400 ரூபாய்; வாடகை 15,000; இரண்டு ஆபரேட்டர்களுக்கு 38,000; மின்சாரம் 18,000; டூல், இன்சர்ட், கூலன்ட் எல்லாம் சேர்த்து 14,000; வண்டி, போன், கணக்கு எழுதுபவர் என்று சில்லறைச் செலவு 6,600. மொத்தம் 1,46,000 ரூபாய். இரண்டு ஷிஃப்ட்டுக்குப் பதினாறு மணி நேரம், மாதம் 25 நாள் என்று 400 மணி நேரத்தால் இதை வகுத்து, மணிக்கு 365 ரூபாய் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, 380 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்து வந்திருக்கிறீர்கள். ஆனால் நீங்களே எழுதி வைத்திருக்கும் லாக் புத்தகத்தின்படி மெஷின் பில் போடத்தக்க வகையில் ஓடியது மாதம் ஏறக்குறைய 300 மணி நேரம்தான். அப்படியானால் அடக்கம் மணிக்கு 487 ரூபாய். 300 மணி நேரத்தை 380 ரூபாய்க்கு ஓட்டினால் வருவது 1,14,000, செலவு 1,46,000. மாதந்தோறும் 32,000 ரூபாய் பள்ளம் விழுகிறது. பதினான்கு மாதங்களுக்கு 4,48,000 ரூபாய். உங்கள் நகைக்கடன் தொகையும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் பாருங்கள். நகை எங்கே போனது என்ற கேள்விக்கு விடை இந்தத் தாளிலேயே இருந்திருக்கிறது. ஓ.டி. வட்டியை இதில் நான் சேர்க்கவில்லை. உங்களுக்கென்று ஒரு சம்பளத்தை நீங்களும் சேர்க்கவில்லை.

விடுபட்ட அந்த நூறு மணி நேரம் எங்கே போயிற்று என்பதைத்தான் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இருபது பீஸ், முப்பது பீஸ் என்று வரும் சிறிய ஜாப்களை எதையும் மறுக்காமல் எடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சரை மாற்றி, டூலின் அளவைத் திருத்தும் ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸ் ஓட்டி, அளந்து சரிபார்ப்பதற்குள் மூன்று மணி நேரம் போய்விடுகிறது. பிறகு மெஷின் ஓடும் ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் பில் போடுகிறீர்கள். கம்பெனியில் செட்டிங் நேரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டதில்லை. ஒருமுறை செட் செய்தால் அதே இம்பெல்லரோ கவரோ வாரக்கணக்கில் ஓடும். ஜாப் ஆர்டரில் அந்த மூன்று மணி நேரம் உங்கள் பையிலிருந்து போகிறது. இனி வரும் ஒவ்வொரு கொட்டேஷனிலும் செட்டிங் சார்ஜ் என்று தனியாக ஒரு வரி இருக்கட்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத பார்ட்டி போனால் போகட்டும். மாதாமாதம் திரும்ப வரும் ஜாப் மூன்று நான்கு கிடைத்து, செட்டிங்குக்கும் பணம் வாங்கத் தொடங்கினால், பில் போடக்கூடிய நேரம் 360 மணியை எட்டுவது நடக்கக் கூடியதே. மணிக்கு 450 ரூபாய் வைத்தால் 1,62,000 வரும். செலவு போக உங்களுக்கு 16,000 ரூபாய் மிஞ்சும்.

பதினாறாயிரம் என்றதும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பழைய சம்பளத்தில் பாதிகூட இருக்காது. ஆனால் தொழில் தொடங்குவதற்கு முன்பே இந்தத் தொகையை ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கடன் தவணை முடியும்வரை ஒரே ஒரு மெஷினால் ஒரு கடனையும், இரண்டு ஆபரேட்டர் சம்பளத்தையும், ஒரு பொறுப்பாளரின் குடும்பத்தையும் சேர்த்துச் சுமக்க இயலாது. இந்த எல்லைக்கும் உங்கள் திறமைக்கும் தொடர்பு இல்லை. உங்களைவிடக் கெட்டிக்காரர் அந்த மெஷினில் நின்றாலும் தொகை பெரிதாக மாறிவிடாது. இரண்டு ஷிஃப்ட்டில் ஒன்றை நீங்களே ஓட்டினால் ஓர் ஆபரேட்டர் சம்பளம் மிஞ்சும் என்று உங்களுக்குத் தோன்றும். அதைச் செய்யலாம், ஆனால் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவர் பார்ட்டியைப் பார்க்கப் போக முடியாது என்பதையும் எடை போட்டுச் செய்யுங்கள்.

வர வேண்டிய ஆறு லட்சம் உங்களுக்கு ஏறக்குறைய ஐந்து மாத பில். ஓ.டி.க்கு வட்டி கட்டுவது நீங்கள். அந்தப் பணத்தை வட்டியில்லாமல் புழங்குவது உங்கள் பார்ட்டிகள். போதாததற்கு, பணம் வந்தாலும் வராவிட்டாலும் பில் போட்ட காலத்துக்கான ஜி.எஸ்.டி.யை நீங்கள் கட்டியாக வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆகவே, கேட்க வாய் வராதது இனி உங்கள் சுபாவம் சார்ந்த விஷயமாக மட்டும் இருக்க முடியாது.

சட்டம் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, குறு அல்லது சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட தேதிக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மேற்படாமல், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இன்னொரு விதியை, வருமான வரியில் தணிக்கையாளர்கள் 43பி(எச்) என்று சொல்வதை, உங்கள் பார்ட்டிகள் நன்றாகவே அறிவார்கள்: இந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டு வரும்வரை அவர்கள் தங்கள் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது. எனவே மார்ச் 31க்கு முன்பு, பிப்ரவரியிலேயே நிலுவைப் பட்டியலுடன் உங்கள் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எண்ணையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பினால் அது அவர்களுடைய தணிக்கையாளரின் மேசைக்குப் போய்ச் சேரும். உத்யம் பதிவு இலவசம். இணையத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். பதிவுக்குப் பின் செய்து கொடுத்த வேலைக்கே இந்தப் பாதுகாப்பு உறுதியாகக் கிடைக்கும் என்பதால், இன்னும் செய்யவில்லையென்றால் இன்றே செய்யுங்கள்.

இத்தகைய நிலுவைப் புகார்களை விசாரிக்கும் அரசின் வசதியாக்க மன்றத்தில் இணையத்தின் வழியாகப் புகார் செய்யும் வழியும் இருக்கிறது. கோவையிலேயே மண்டல மன்றம் உண்டு. ஆனால் தொடர்ந்து வேலை தரும் பார்ட்டியின் மேல் அதை முதலிலேயே எடுக்குமாறு நான் சொல்லமாட்டேன். முடிவு வரக் காலமாகும், உறவும் முறிந்துவிடும். ஜாப் ஆர்டர் நின்றுபோன, போனையும் எடுக்காத பழைய பார்ட்டிக்கு அது உரியது. மற்றவர்களுக்கு, மாதத்தின் முதல் வேலை நாளில் நிலுவை அறிக்கை ஒன்று தவறாமல் போகட்டும். அதில் பில் எண், தேதி, தொகை, எத்தனை நாள் ஆயிற்று என்பவை மட்டும் இருந்தால் போதும். அனுப்பிய மூன்றாம் நாள் போன் செய்யும் பொறுப்பை, வாரத்துக்கு இரண்டு அரை நாள் வரக்கூடிய, கணக்குப் பிரிவில் அனுபவம் உள்ள ஒருவரிடம் கொடுங்கள். பணி ஓய்வு பெற்ற கணக்கர்கள் உங்கள் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். தம் பணத்தைத் தாமே கேட்கக் கூசுகிறவர்கள் இன்னொருவரின் பணத்தை மிடுக்காகக் கேட்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வராத இந்த வேலையை நீங்கள் வலிந்து கற்கத் தேவையில்லை. ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம்.

ஆனால் கணக்கு நோட்டைத் திறப்பதை ஆள் வைத்துச் செய்ய முடியாது. எழுதுவதை மற்றவர் எழுதலாம். பார்ப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை மெஷினைத் துடைத்த பிறகு, அந்த வாரம் எவ்வளவுக்கு பில் போட்டோம், எவ்வளவு கைக்கு வந்தது, அடுத்த வாரம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். மைக்ரான் அளவில் வேலை பார்க்கும் உங்களுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் கடினமாக இருக்கப் போவதில்லை. தெரிந்துவிடுமோ என்ற அச்சம்தான் தடுக்கிறது. அந்த அச்சம் இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் குறைந்துவிடும்.

உங்கள் ஊர்க்காரரான ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர், அந்தப் பணத்துடன் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வணிகத்தில் இறங்கி, அங்கிருந்த தரகர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் இழந்து ஊர் திரும்பினார். மறுபடியும் பம்பாய்க்குப் போய் விட்டதைப் பிடிக்க அவர் முயலவில்லை. 1920இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் அவர் செய்தவற்றை நாடு அறியும்; 1937இல் இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டாரைக்கூட அவர் தனியாகச் செய்யவில்லை, டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்துதான் செய்தார். சந்தையில் நின்று விலை பேசும் தொழில் தமக்கு உரியதன்று என்று கண்டதும், இயந்திரமும் கால ஒழுங்கும் உள்ள தொழிலுக்கு அவர் நகர்ந்தார் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். உங்களுக்கும் ஒரு கூட்டாளி தேவைப்படலாம். மெஷின் தெரிந்த இன்னொருவர் வேண்டாம். அந்தத் திறமை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ரேட் பேசவும் பணம் வசூலிக்கவும் தெரிந்த, நாணயமான ஒருவராகத் தேடுங்கள்.

திரும்பிப் போகலாமா என்ற கேள்விக்கு இப்போதே ஆம், இல்லை என்று சொல்வது முறையாகாது. செட்டிங் சார்ஜும் 450 ரூபாய் ரேட்டும் வைத்து ஆறு மாதம் ஓட்டுங்கள். அந்த ஆறு மாதத்தில் புதிதாக எந்தக் கடனும் வாங்கக் கூடாது, நகைக்கடனை மேலும் ஏற்றக் கூடாது. மாதாந்தரப் பள்ளம் மூடி, நிலுவை இரண்டு மாத பில் அளவுக்கு இறங்கியிருந்தால் தொடருங்கள். இறங்கவில்லையென்றால், மெஷினுக்கு நல்ல விலை கிடைக்கும் காலத்திலேயே விற்றுக் கடனை அடைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். அதில் தலைகுனிய ஒன்றுமில்லை. ரேட், செட்டிங், நிலுவை மூன்றையும் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு மெஷின் ஷாப் பொறுப்பாளர் எந்தக் கம்பெனிக்கும் முன்னைவிடப் பயன்படுவார். போகும்போது அதைச் சொல்லிச் சம்பளமும் கேளுங்கள்.

கேள்வி: வணக்கம். மதுரையில் தனியார் வங்கி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி செய்து விற்கிறேன். கணக்கு, வசூல் எதிலும் குழப்பம் இல்லை. ஆர்டர் வந்தால் முடியாது என்று சொல்லத்தான் தெரியவில்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து வறுக்க ஆரம்பித்தால் இரவு பதினொன்று ஆகிறது. வலது தோளைத் தூக்க முடியவில்லை. உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்; வறுப்பதை மட்டும் அவர்களிடம் விட மனம் வருவதில்லை, பக்குவம் மாறிவிடும். இப்போது சூப்பர் மார்க்கெட் ஒன்று மாதம் ஐந்நூறு கிலோ கேட்கிறது. இதை விட்டால் வளர முடியாது என்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: இப்போதுள்ள நிலையில் ஏற்க வேண்டாம், சகோதரி. தோளுக்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள். இது நான் பேச்சுக்காகச் சொல்வதில்லை. உங்கள் தொழிலின் உற்பத்தி முழுவதும் அந்த ஒரு தோளில் இருக்கிறது.

உங்கள் எல்லை வாணலியில் இருக்கிறது. அரைப்பது மில்லில் நடந்துவிடும். பாக்கெட் போட ஆள் இருக்கிறார்கள். வறுப்பது மட்டும் உங்கள் இரண்டு கைகளால் ஆகிறது. ஆகவே ஒரு நாளில் நீங்கள் எவ்வளவு வறுக்க முடியுமோ அதுதான் உங்கள் தொழிலின் அளவு. எத்தனை ஆர்டர் வந்தாலும் அது கூடாது. ஐந்நூறு கிலோவை ஏற்றுக்கொண்டால் ஒன்று தரம் போகும், அல்லது உடம்பு போகும்.

பக்குவத்தைக் கைமாற்ற முடியாது என்று நீங்கள் நினைப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. உளுந்து பொன்னிறமாகும்வரை என்று சொன்னால் ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒரு பொன்னிறம்தான். ஒரு கிலோ உளுந்து, இந்த வாணலி, அடுப்பு இந்த அளவு, இத்தனை நிமிடம், இறக்கியதும் எந்தத் தட்டில் எவ்வளவு நேரம் பரப்பி ஆறவைப்பது என்று எடையும் நேரமும் போட்டு எழுதுங்கள். சரியான நிறத்தில் வறுத்த பருப்பையும் மிளகாயையும் சிறு பாட்டில்களில் அடைத்து அடுப்பருகே வைத்துவிட்டு, ஒருவரை உங்கள் கண் முன்னால் வறுக்கச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் சில கிலோ வீணாகலாம். அதைப் பயிற்சிச் செலவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் செய்ததை உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் வித்தியாசம் தெரியாமல் வாங்கத் தொடங்கிய பிறகுதான் பெரிய ஆர்டரைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்போதும் சூப்பர் மார்க்கெட்டின் நிபந்தனைகளை வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்த அதே கண்ணால் பாருங்கள். அவர்களுக்குத் தர வேண்டிய கழிவு (கமிஷன்) எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும், தேதி கடந்த பாக்கெட்டைத் திருப்பினால் நட்டம் யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு நேராக விற்கும்போது அன்றே பணம் வருகிறது, திரும்பி வருவதும் இல்லை. அந்த வசதியை விட்டுக்கொடுத்து வளர்வதற்குக் கைமுதல் வேண்டும். நாற்பது ஐம்பது கிலோ அளவில் ஒரே ஒரு கிளைக்குக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குச் சரக்கு பிடித்திருந்தால் அதற்கு இணங்குவார்கள். முடியாது என்று சொல்ல வராதவர்களுக்கு, ‘இவ்வளவுதான் முடியும்’ என்று சொல்வது எளிதாக வரும்.

கேள்வி: ஐயா, என் கணவர் சென்னையில் ஐ.டி. வேலையை விட்டு, நண்பருடன் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கடினமாக உழைக்கிறார், ஆனால் ‘இன்னும் மூன்று மாதம்’ என்பது முடிவதேயில்லை. நண்பர் விலகிக்கொள்ளும் மனநிலையில் இருக்கிறார். இப்போது கம்பெனிக்கு வாங்கும் கடனுக்கு, என் பெயரில் உள்ள ஃபிளாட்டை வைத்து என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். மறுத்தால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். என்ன செய்வது?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. உங்கள் கணவரின் உழைப்பையோ நேர்மையையோ நான் ஐயுறவில்லை. கம்பெனி பிரைவேட் லிமிடெட்டாக இருப்பதன் பயனே, அதன் கடன் அதன் சொத்தோடு நிற்கும் என்பதுதான். தனிப்பட்ட ஜாமீன் கொடுத்த உடனே அந்தத் தடுப்பு போய்விடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 128ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. கம்பெனியைக் கேட்டு முடித்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. குடும்பத்துக்கென்று இருக்கும் கூரையை இதில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிணையில்லாமல் சிறுதொழில்களுக்குக் கடன் தருவதற்கென்றே சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அதன்கீழ் கடன் தர வங்கி முன்வரவில்லையென்றால், கம்பெனியின் கணக்கில் வங்கி எதைக் கண்டு தயங்குகிறது என்று உங்கள் கணவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பதிலில் அவருக்குத் தேவையான செய்தி இருக்கும்.

‘இன்னும் மூன்று மாதம்’ முடியாமல் போவதற்குக் காரணம், எது நடந்தால் நிறுத்துவது என்று தொடக்கத்தில் பேசிக்கொள்ளாததுதான். நடுவில் இருப்பவரால் தம் எல்லையைப் பார்க்க முடிவதில்லை. ஒவ்வொரு வாரமும் நம்புவதற்கு ஏதேனும் ஒரு மின்னஞ்சல் வந்துகொண்டிருக்கும். சண்டையாக இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுக்கென்று ஒதுக்கித் தொடாமல் வைக்க வேண்டிய தொகை, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு (வேலையோடு போய்விட்ட இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்), கம்பெனிக்கு இனிமேல் போடக்கூடிய கடைசி ரூபாய், பணம் கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் எந்தத் தேதிக்குள் எத்தனை பேர் வர வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். ‘ஆர்வம் தெரிவித்தவர்கள்’, ‘டெமோ பார்த்தவர்கள்’ என்பவற்றை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். தேதியை அவரே எழுதட்டும், இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தத் தாளில் போடும் உங்கள் கையெழுத்து அவர்மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை ஜாமீன் பத்திரத்தைவிட நன்றாகவே காட்டும்.

அந்தத் தேதியில் நிறுத்த நேர்ந்தால் முறையாக மூடுங்கள். அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறவர்கள் பிறகு படும் பாட்டை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வியாபாரம் இல்லையென்றாலும் கம்பெனி பதிவேட்டில் இருக்கும்வரை ஆண்டு அறிக்கைகளைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் ஐந்தாண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக நியமிக்கப்படும் தகுதியை இழப்பார். அது பின்னாளில் அவர் மறுபடியும் தொழில் தொடங்க நினைக்கும்போது குறுக்கே நிற்கும். எனவே கடன்களைத் தீர்த்து, நண்பருடன் கணக்கை எழுத்தில் முடித்து, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்த பிறகும் மூன்று மாதத்துக்குள் இறுதி அறிக்கையாக ஜிஎஸ்டிஆர்-10 தாக்கல் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வேலையில் சேர்ந்ததும் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள், முந்தைய வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடர்ந்துவிடும். நண்பர் விலகுவதாக இருந்தால், அவருடைய பங்குகளை யார் வாங்குவது, இயக்குநர் பொறுப்பிலிருந்து அவர் எந்தத் தேதியில் விலகுகிறார் என்பதை இந்த மாதமே தணிக்கையாளரை வைத்துக்கொண்டு பேசி முடியுங்கள். மூடுவதானாலும் தொடர்வதானாலும் முதலில் முடிய வேண்டியது அதுதான்.